எழுதியும் ஒலிக்காத எழுத்து

உலகில் வழங்கும் மொழிகள் பல. காதால் கேட்கும் ஒலியைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதற்காக மனிதன் கண்ட அரிய கருவியே எழுத்து. ஆகவே, எழுதப்பட்ட எழுத்து ஒவ்வொன்றும் ஒலிக்கப்பட வேண்டும் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். தமிழ் பயின்ற நமக்கு இவ்வெதிர்பார்ப்பு இயல்பானதே. 'மரம்' என்று எழுதினால் 'மரம்' என்றே படிக்கிறோம். அதில் ஒலிக்காமல் ஒதுங்கி நிற்கும் எழுத்து ஒன்றேனும் இல்லை.

ஆனால், எல்லா மொழிகளிலும் இந்நிலை இல்லை. எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகள் பிற மொழிகளில் உண்டு. அவற்றுள் குறிப்பிடத்தக்கது உரோமன் எழுத்து வரிசையில் எட்டாவதாக நிற்கும் 'எச்' என்னும் எழுத்தாகும். ஒரு மொழியில் இவ்வெழுத்து எழுதப்பட்டும் ஊமையாக நிற்கிறது. மற்றொரு மொழியில் இதனை ஒலிக்காது விட்டால் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. நம் தமிழிலோ இதன் ஒலி உண்டு. ஆனால், அதற்கெனத் தமிழ் நெடுங்கணக்கில் தனி எழுத்து இல்லை.

தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் நாள்தோறும் பயிலும் நம் மாணவச் செல்வங்களுக்கு இவ்வெழுத்தின் இயல்பு நன்கு விளங்குதல் வேண்டும். அவர்தம் பெற்றோர்க்கும் இஃது ஓரளவு பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

ஒலி பிறக்கும் விதம்

முதலில் இவ்வொலி எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண்போம். 'ப' என்று கூற உதடுகள் பொருந்துகின்றன. 'த' என்று கூற நாக்கு பல்லைத் தொடுகிறது. 'ஹ' என்னும் ஒலிக்கோ உதடும் வேண்டா, நாக்கின் முயற்சியும் வேண்டா. நுரையீரலிலிருந்து வரும் மூச்சுக்காற்று, திறந்திருக்கும் குரல்வளையை உராய்ந்துகொண்டு வெளியேறினால் போதும். அதுவே 'ஹ' ஆகும்.

தோட்டத்தில் சுமை இறக்கியவர் நீண்ட மூச்சு விடும்பொழுது எழும் ஒலி ஏறக்குறைய இதுதான். உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்துக்கொண்டு 'ஹ' என்று கூறிப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்று கையில் படும். மூச்சே இவ்வொலிக்கு உடல். மூச்சுச் சற்றுக் குறைந்தால் ஒலி மறைந்துவிடும். இவ்வளவு மெல்லிய ஒலியாக இருப்பதனாலேயே பல மொழிகளில் இது காலப்போக்கில் தேய்ந்து மறைந்துபோயிற்று. ஒலி மறைந்த பின்னும் எழுத்து மட்டும் ஏட்டில் நின்றுவிட்டது.

ஸ்பானிய மொழியில்

ஸ்பானிய மொழி 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்சி மொழியாக விளங்குவது. அம்மொழியில் 'எச்' எழுத்து தனித்து வருமிடத்து ஒலிக்கப்படுவதே இல்லை. வணக்கம் என்னும் பொருளில் அவர்கள் 'ஹோலா' என்று எழுதுவர்; 'ஓலா' என்றே சொல்வர். கடலலைக்கும் அவர்கள் மொழியில் 'ஓலா' என்பதே பெயர். செவிக்கு இரண்டும் ஒன்று. கண்ணுக்கு மட்டுமே வேறு. 'எச்' இருந்தால் வணக்கம், இல்லையேல் அலை.

காற்பந்தாட்டத்தில் ஆர்வமுடைய மூத்தோர் 1980-களில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் குழுவில் ஆடிய மெக்சிகோ வீரரை மறந்திருக்க மாட்டார்கள். நாம் அவரை 'ஹூகோ சாஞ்செஸ்' என்போம். அவர் நாட்டாரோ 'ஊகோ' என்றே அழைப்பர். கியூபாவின் தலைநகரை நாம் 'ஹவானா' என்கிறோம். அவ்வூரார்க்கு அது 'அபானா'. இவற்றையெல்லாம்விட வேடிக்கை ஒன்றுண்டு. இவ்வெழுத்துக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பெயரும் 'எச்' எழுத்தைக் கொண்டே தொடங்குகிறது. அதனையும் அவர்கள் ஒலிப்பதில்லை. 'ஆச்சே' என்றே கூறுகின்றனர். தன் பெயரிலும் தான் ஒலிக்காத எழுத்து அது!

ஒலிக்காத எழுத்தை எதற்காக எழுத வேண்டும் என்று மாணவர் வினவலாம். விடை அம்மொழியின் வரலாற்றில் உள்ளது. ஸ்பானிய மொழி இலத்தீன் மொழியிலிருந்து பிறந்தது. மகனைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ஃபீலியுஸ்'. மாவைக் குறிக்கும் சொல் 'ஃபரீனா'. இச்சொற்களின் முதலில் நின்ற 'ஃப' ஒலி ஸ்பெயின் நாட்டில் நாளடைவில் 'ஹ' ஒலியாக மெலிந்தது. 1492-ஆம் ஆண்டில் நெப்ரிஹா என்னும் அறிஞர் ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டபொழுது அந்த 'ஹ' ஒலி உயிரோடு இருந்தது. அடுத்த நூற்றாண்டில் அதுவும் தேய்ந்து மறையத் தொடங்கிற்று. இன்று மாவை 'ஆரினா' என்பர். எழுதும்பொழுது மட்டும் முன்னே 'எச்' இடுவர்.

1713-இல் தோன்றிய ஸ்பானிய மொழிக் கழகம், சொற்களின் பிறப்பை மறவாதிருக்கும் பொருட்டு இவ்வெழுத்தை ஏட்டில் காத்து வந்தது. 1982-இல் நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கெஸ், 1997-இல் மெக்சிகோவின் சாகடேகாஸ் நகரில் நடந்த ஸ்பானிய மொழி மாநாட்டில், குகைக்காலத்து எழுத்தாகிய இதனைப் புதைத்துவிடலாம் என்று கூறினார். பெரும் சொற்போர் எழுந்தது. ஆயினும், எழுத்து புதைக்கப்படவில்லை. ஸ்பானியக் குழந்தைகள் இன்றும் அதனை நெட்டுருச் செய்தே எழுதி வருகின்றனர்.

மலாய் மொழியில்

இனி, நம் நாட்டின் தேசிய மொழிக்கு வருவோம். ஸ்பானிய மொழியின் விதியை இங்குக் கொண்டுவந்தால் பெரும் பிழையாகும். மலாய் மொழியில் 'எச்' எழுத்து சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்பத் தன் இயல்பில் வேறுபடுகிறது. அதனைச் சொல்லின் முதல், இடை, கடை என்று மூன்றாகப் பகுத்துக் கொள்ளலாம்.

சொல்லின் முதலில் நிற்கும் 'ஹ', மலாய்ச் சொற்கள் பலவற்றில் பேச்சு வழக்கில் மெலிந்துவிடும். காட்டைக் குறிக்கும் 'ஹூத்தான்', மழையைக் குறிக்கும் 'ஹூஜான்', கறுப்பைக் குறிக்கும் 'ஹீத்தாம்' ஆகியவை பேச்சில் 'ஊத்தான்', 'ஊஜான்', 'ஈத்தாம்' என வருவதைக் கேட்டிருப்பீர்கள். காட்டு மனிதன் என்னும் பொருளுடைய 'ஓராங் ஊத்தான்' என்னும் பெயர் 'ஹ' இல்லாமலேயே உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால், அரபு மொழியிலிருந்து வந்த 'ஹாக்கிம்' (நீதிபதி), 'ஹாடியாஹ்' (பரிசு) போன்ற சொற்களில் இதனைத் தெளிவாக ஒலித்தல் வேண்டும்.

நம் பேராக் மாநிலத்து ஊர்ப்பெயர்களிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கும் சொல் 'ஹூலு'. கெரிக் நகரைத் தலைமையாகக் கொண்ட மாவட்டம் 'ஹூலு பேராக்' என 'எச்' இட்டு எழுதப்படுகிறது. ஈப்போவிற்கு அருகிலுள்ள 'உலு கிந்தா' அவ்வெழுத்தின்றியும் எழுதப்படுகிறது. சொல் ஒன்றே, பேச்சில் மெலிந்த எழுத்து ஓரிடத்தில் ஏட்டில் நின்றது, மற்றோரிடத்தில் ஏட்டிலிருந்தும் நீங்கிற்று.

சொல்லின் இடையில், இருபுறமும் ஒரே உயிர் நிற்குமாயின் 'ஹ' தெளிவாக ஒலிக்கும். 'மாஹால்' (விலை மிகுந்தது), 'லேஹேர்' (கழுத்து), 'போஹோங்' (பொய்) என்பவை காட்டுகள். இருபுறமும் வேறு வேறு உயிர்கள் நின்றால் அது மெலியும். ஆண்டைக் குறிக்கும் 'தாஹூன்' பேச்சில் 'தாஊன்' போலவும், கசப்பைக் குறிக்கும் 'பாஹிட்' பேச்சில் 'பாயிட்' போலவும் கேட்பது இதனாலேயே.

இவ்விடத்தில் ஓர் அழகிய செய்தியைக் கூறுதல் தகும். மலாய் மொழியில் 'நான்' என்பதைக் குறிக்கும் 'சாயா' என்னும் சொல், முன்பு 'சஹாயா' என்றிருந்தது. அடியேன் என்பது போன்ற பணிவுப் பொருள் உடையது அது. உதவி செய்வோன் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. நாம் தமிழில் 'சகாயம்' என்று வழங்குவதும் அவ்வடசொல்லின் வழிவந்ததே. தமிழில் 'ஹ' ககரமாயிற்று. மலாயில் அது மறைந்தே போயிற்று.

சொல்லின் கடையில்

நம் மாணவர்கள் மிகுதியும் இடர்ப்படுவது சொல்லின் கடையில் நிற்கும் 'ஹ' ஒலியில்தான். மலாய் மொழியில் இதனை விட்டுவிடுதல் கூடாது. ஏனெனில், அது பொருளைத் தாங்கி நிற்கிறது. கீழ்க்காணும் சொற்களை நோக்குக:

'டாரா' என்றால் கன்னிப்பெண். 'டாராஹ்' என்றால் இரத்தம்.
'மூடா' என்றால் இளமை. 'மூடாஹ்' என்றால் எளிது.
'மாரா' என்றால் முன்னேறு. 'மாராஹ்' என்றால் சினம்.
'பாவா' என்றால் கொண்டுவா. 'பாவாஹ்' என்றால் கீழே.
'தூவா' என்றால் முதுமை. 'தூவாஹ்' என்றால் நல்லூழ்.

இரத்த அழுத்த நோயை மலாயில் 'டாராஹ் திங்கி' என்பர். மருந்தகத்திற்குச் செல்லும் பெரியவர் ஒருவர், கடைசி மூச்சை விட்டுவிட்டு 'டாரா திங்கி' என்பாராயின், உயரமான கன்னிப்பெண் என்றன்றோ பொருள்படும்? இடமறிந்து தாதியர் புரிந்துகொள்வர் என்பது உண்மையே. ஆனால், தேர்வுத்தாளைத் திருத்துபவர் அவ்வாறு புரிந்துகொண்டு மதிப்பெண் வழங்க இயலாது. சொல்வதெழுதுதலில் 'வினா எளிது' என்று எழுத வேண்டிய மாணவன் இறுதி எழுத்தை விட்டால், 'வினா இளமையானது' என்றாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. தீபகற்ப மலேசியாவில் பலருடைய பேச்சில், சொல்லின் இறுதியில் வரும் 'ஆ' ஒலி மங்கி 'எ' போலக் கேட்கும். 'மூடா' என்பது 'மூடெ' போல ஒலிக்கும். எழுத்தை ஒட்டியே ஒலிக்கும் முறை ஒன்று 1988-இல் பள்ளிகளில் அறிமுகமாகி, 2000-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டதைப் பெற்றோருட் பலர் அறிவர். ஆனால், கடையில் 'ஹ' நிற்குமாயின் அதன் முன்னுள்ள 'ஆ' மங்குவதில்லை. வேலி பயிரைக் காப்பது போல, இவ்வெழுத்து தன் முன்னுள்ள உயிரைக் காத்து நிற்கிறது. மூச்சு மெலிதாகக் கேட்டாலும் அவ்வுயிரின் தெளிவைக் கொண்டே மலாய்க்காரர் பொருளை உணர்ந்துகொள்கின்றனர்.

நம்மைச் சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்கள். நாம் 'ஈப்போ', 'பத்து காஜா', 'தாப்பா' என்கிறோம். இம்மூன்றும் மலாய் மொழியில் 'எச்' எழுத்தில் முடிபவை: 'ஈப்போஹ்', 'பாத்து காஜாஹ்', 'தாப்பாஹ்'. ஈப்போஹ் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப்பாலைப் பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பு நுனியில் தடவி வேட்டையாடினர். காஜாஹ் என்பது யானை. இச்சொல்லின் மூலமாகிய வடசொல் 'கஜ' என்பதே. அதன் கடையில் 'ஹ' இல்லை. மலாய் மொழிதான் அதனைத் தன் இயல்பிற்கேற்பச் சேர்த்துக்கொண்டது. ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் நம்மவர் செய்து விற்றுப் புகழ்பெற்ற 'கச்சாங் பூத்தே'யும் கடையில் 'ஹ' உடைய சொல்லே. வெண்மையைக் குறிக்கும் அச்சொல்லைப் பழைய முறையில் 'பூத்தேஹ்' என எழுதினர். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972 ஆகஸ்டு 16-இல் பொது எழுத்துமுறையை அறிவித்தபின் அது 'பூத்திஹ்' ஆயிற்று. நடுவிலுள்ள உயிரெழுத்து மாறியதேயன்றிக் கடையிலுள்ள 'எச்' மாறவில்லை.

நம் முன்னோருக்குச் சோறிட்ட இரப்பர் மரத்தின் பாலும் 'கெத்தாஹ்' என்றே வழங்கப்படுகிறது. இதே சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் 'கட்டாபெர்ச்சா' என்று தம் மொழியில் எடுத்தாண்டனர். அது நம் நாட்டுக் காட்டு மரப்பால் ஒன்றின் பெயர். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையானது அப்பாலே. கடல் கடந்து போன சொல்லில் 'ஹ' மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது!

தமிழ் நாவின் இயல்பு

மலாய்ச் சொற்களின் கடையிலுள்ள 'ஹ' ஒலியை நாம் ஏன் விட்டுவிடுகிறோம்? சோம்பலினால் அன்று, தாய்மொழியின் இயல்பினால்தான். தமிழ்ச் சொற்கள் உயிரிலோ, 'ம்', 'ன்', 'ல்', 'ர்' போன்ற சில மெய்களிலோ முடியுமேயன்றி, மூச்சொலியில் முடிவதில்லை. ஆகவே, தமிழ் நா அவ்வொலியைக் கண்டதும் தானே உதிர்த்துவிடுகிறது.

அவ்வாறாயின் தமிழில் 'ஹ' ஒலியே இல்லையா? உண்டு. 'கண்', 'தங்கம்', 'மகன்' ஆகிய மூன்று சொற்களையும் உரக்கக் கூறிப் பாருங்கள். மூன்றிலும் எழுத்து ஒன்றே. முதற்சொல்லில் ககரம் வன்மையாக ஒலிக்கிறது. இரண்டாவதில் மெல்லெழுத்தை அடுத்து மென்மையாகிறது. மூன்றாவதில் இரண்டு உயிர்களுக்கிடையே நின்று, பலர் நாவில் ஏறக்குறைய 'ஹ' ஆகிவிடுகிறது. எனவே, ஸ்பானியர் எழுதிவிட்டு ஒலிக்காமல் விடுகின்றனர். நாமோ எழுதாமலேயே ஒலித்துவிடுகிறோம்.

வடசொற்கள் தமிழில் புகுங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழொலிக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், 'ஹ' சொல்லின் முதலில் நின்றால் மறைந்து உயிர் மட்டும் நிற்கும் என்றும், இடையில் நின்றால் ககரமாகும் என்றும் விதி கூறுகிறது. இவ்விதிப்படியே ஹரன் அரன் ஆனான். ஹனுமான் அனுமன் ஆனான். மோஹம் மோகம் ஆயிற்று. மஹாபாரதம் மகாபாரதம் ஆயிற்று. ஸ்பானிய நாட்டில் தானே நிகழ்ந்த மாற்றத்தைப் போன்ற ஒன்றை நம் இலக்கண ஆசிரியர் விதியாகவே வகுத்தனர். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. ஒலிக்காத எழுத்தை ஏட்டில் சுமந்து திரியவில்லை நம் முன்னோர்.

பெயரும் பத்திரமும்

இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. நம் வாழ்வையும் தொடுவது. 'மோகன்' என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுங்கால் சிலர் நடுவில் 'எச்' இடுவர். சிலர் 'ஜி' இடுவர். மகேஸ்வரி, மகாலிங்கம், மகேந்திரன் ஆகிய பெயர்களுக்கும் இதே நிலைதான். தமிழ் ஒலியைக் கருதினால் இரண்டிற்கும் காரணம் உண்டு. ஒன்றைப் பிழை என்று ஒதுக்க இயலாது. ஆனால், அரசாங்கப் பத்திரங்களைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

முற்காலத்தில் கிராணியார் தம் செவிக்குப் பட்டவாறு பெயரை எழுதினார். எழுத்தறியாத தொழிலாளர் அதனைச் சரிபார்க்க வழியின்றிப் பெற்றுக்கொண்டனர். அதனால், பிறப்புப் பத்திரத்தில் ஒருவாறும், அடையாள அட்டையில் வேறொருவாறும் பெயர் அமைந்து, சேமநிதிப் பணம் பெறும் காலத்திலும் குடும்பச் சொத்தைப் பிரிக்கும் காலத்திலும் அலைந்தோர் உண்டு. 'முத்து' என்னும் பெயரில் 'டி' எழுத்தை அடுத்து நிற்கும் 'எச்' தனித்து ஒலிப்பதில்லை. தகரத்தைக் காட்டும் அடையாளமாகவே நிற்கிறது. ஆயினும், ஒலிக்காத எழுத்துதானே என்று அதனை ஓரிடத்தில் எழுதி, மற்றோரிடத்தில் விடுதல் தகாது.

ஆதலின், பெற்றோர் குழந்தையின் பிறப்பைப் பதியச் செல்லும் முன்பே, பெயரை உரோமன் எழுத்தில் எவ்வாறு எழுதுவதென்று முடிவு செய்து, தாளில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுதல் நலம். எழுதி முடிந்ததும் எழுத்தெண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். படிக்கத் தெரியாத முதியோர்க்குப் பள்ளிப் பிள்ளைகளே துணையாக நிற்கலாம்.

மாணவர்க்குச் சில பயிற்சிகள்

நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்தபின், மலாய் மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிகளுக்கே செல்கின்றனர். அங்கு அவர்கள் வாய் திறந்து பேசத் தயங்குவதற்கு ஒலிப்பு அச்சமும் ஒரு காரணம். ஒலிப்பு, பிறவியில் வருவதன்று, பயிற்சியினால் கைகூடுவது.

உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து 'டாரா', 'டாராஹ்' என்று மாறி மாறிக் கூறுக. முதற்சொல்லின் முடிவில் கையில் காற்றுப் படலாகாது. இரண்டாவதில் பட வேண்டும். மெல்லிய தாள் துண்டு ஒன்றை வாய்க்கு முன் பிடித்தும் பார்க்கலாம். தாள் சற்றே அசையும். ரூமாஹ் (வீடு), செக்கோலாஹ் (பள்ளி), தானாஹ் (நிலம்), ஊப்பாஹ் (கூலி) என்று நாள்தோறும் பத்துச் சொற்களை வீட்டில் உரக்கப் படியுங்கள். ஆனால், ஆர்வ மிகுதியால் எல்லாச் சொற்களுக்கும் 'ஹ' சேர்த்துவிடாதீர்கள். ஐந்து என்பது 'லீமா'தான், 'லீமாஹ்' அன்று.

ஆங்கிலம் படிக்கும்பொழுது, மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்', நேர்மையைக் குறிக்கும் 'ஆனஸ்ட்' ஆகிய சொற்களில் 'எச்' ஒலிக்காது என்பதையும், வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்பதில் அது ஒலிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தமிழில் எழுதும்பொழுது அனுமனை அனுமனாகவே எழுதுங்கள்.

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி முறை உண்டு. ஒரு வீட்டின் வழக்கத்தை மற்றொரு வீட்டில் எதிர்பார்த்தல் பொருந்தாது. விருந்துக்குச் சென்ற இடத்தில் அவ்வீட்டு முறையை அறிந்து நடப்பவனையே நாம் பண்புடையவன் என்கிறோம். மொழியிலும் அவ்வாறே. தாய்மொழியின் இயல்பை நன்கு உணர்ந்தவனுக்கே, பிற மொழியில் தன் நா எங்கே வழுக்கும் என்பது தெரியும். அவ்விடத்தில் அவன் விழிப்போடு இருப்பான்.

மாணவச் செல்வங்கள் தமிழைத் தெளிவாகப் பேசுக! மலாயைத் திருத்தமாக ஒலிக்க! ஆங்கிலத்தை அச்சமின்றிப் பயில்க! மும்மொழியிலும் நா வன்மை பெற்று, நம் பள்ளிக்கும் பெற்றோர்க்கும் பெருமை தேடித் தருவீர்களாக!

— தலைமையாசிரியர்